சுத்தியலின் ஒப்புதல்

அந்தப் பட்டியலில் மொத்தமே இரண்டு வரிகள். முதல் வரியில் சுத்தியல், இரண்டாம் வரியில் குண்டூசி. தினமும் காலையில் காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்ததும் அவள் அதைத் திறப்பாள். கர்சரைக் கொண்டுபோய் முதல் வரியின்மேல் வைப்பாள். அழிக்கும் பொத்தான்வரை விரல் போகும். "இன்னிக்கு வேண்டாம்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு மூடிவிடுவாள். யாரிடம் சொல்கிறாள் என்று கேட்காதீர்கள். வீட்டில் அவளைத் தவிர இருப்பது இரண்டு கம்ப்யூட்டரும் ஒரு ஃப்ரிட்ஜும்தான். அதில் ஃப்ரிட்ஜ் மட்டும் அவ்வப்போது ஏதோ முனகும்.

குண்டூசி என்பது அவள்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. இது இணையத்தில் அவளே வைத்துக்கொண்டது. சுத்தியல் யார் என்றால், அது அவளுக்கும் தெரியாது. பதினோரு வருடப் பழக்கம், எல்லாம் எழுத்தில்தான். குரல் கேட்டதில்லை, முகம் பார்த்ததில்லை, எந்தத் தெருவில் இருக்கிறார் என்று கேட்டதில்லை. எப்போதோ ஒரு தடவை, "மனைவி திட்டுகிறாள், மீதியை நாளைக்குப் பார்க்கலாம்" என்று எழுதியிருந்தார். ஆண், கல்யாணமானவர், வீட்டில் திட்டு வாங்குகிறவர் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்குமேல் துருவிக் கேட்க இரண்டு பேருக்குமே வாய் வரவில்லை.

இருவரும் சேர்ந்து ஒரு மென்பொருளைப் பார்த்துக்கொண்டார்கள்; அந்த இரண்டு வரிப் பட்டியல் அதன் பொறுப்பாளர் பட்டியல்தான். அலுவலகம், ஆஸ்பத்திரி, கல்லூரி என்று எங்கே போனாலும் சுவரோரத்தில் பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு ரவுட்டரும் ஸ்விட்சும் நிற்குமே, அவற்றையெல்லாம் ஒரே இடத்தில் உட்கார்ந்து மேய்க்கிற மென்பொருள் அது. ஒவ்வொரு கம்பெனிப் பெட்டியும் ஒவ்வொரு பாஷை பேசும். எல்லாவற்றுக்கும் பொதுவாக யாங் என்று ஒரு மொழி உண்டு. ஒரு பெட்டியில் எதை மாற்றலாம், எங்கே எண் வரும், எங்கே எழுத்து வரும், எது இல்லாமல் எது கூடாது என்று அந்த மொழியில் விதி எழுதிவைப்பார்கள். அப்படி எழுதிய விதித்தாளுக்கு மாடல் என்று பெயர். மாடலுக்குப் பொருந்தாத மாற்றத்தை மென்பொருள் வாசலோடு திருப்பி அனுப்பிவிடும். மாடல்கள் எல்லாம் சுத்தியல் எழுதியவை, மீதியெல்லாம் குண்டூசி எழுதியது. ஓப்பன் சோர்ஸ் என்பதால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், ஒருவரும் சல்லிக்காசு தர வேண்டாம். அவளுக்குச் சோறு போடுவது வேறொரு உத்தியோகம்.

அவளுடைய அக்காவுக்கு இது பிடிபடவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வாள்.

"இன்னும் அந்தச் சும்மா வேலையைத்தான் பாத்துட்டிருக்கியா?"

"சும்மா வேலை இல்லக்கா. எத்தனையோ ஆயிரம் பேர் உபயோகிக்கிறாங்க."

"அதுல ஒருத்தராவது உன்னைச் சாப்பிட்டியான்னு கேட்டாங்களா?"

குக்கர் கூப்பிடுகிறது என்று பொய் சொல்லிப் போனை வைத்துவிடுவாள்.

ஆனால் அக்காவுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. அந்த வேலையில் சுத்தியல் போட்ட ஒரு சட்டம் உண்டு: யாரும் தான் எழுதியதற்குத் தானே ஒப்புதல் தரக்கூடாது, இன்னொருவர் வரிக்கு வரி படித்து ஒப்ப வேண்டும். பதினோரு வருடத்துக்கு முன்னால் அவள் முதன்முதலில் ஒரு திருத்தத்தை அனுப்பியபோது அவரிடமிருந்து வந்த முதல் சொல், "இல்லை." அதற்குக் கீழே ஏன் இல்லை என்று நாற்பது வரி. அவளுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார் இந்த ஆள், பெரிய இவரா என்று பொருமிக்கொண்டே நாற்பது வரியையும் படித்தாள். ஒரு வரியில்கூடக் குறை சொல்ல முடியவில்லை. அன்றிலிருந்து பத்து அனுப்பினால் ஒன்பது திரும்பி வரும். "இல்லை. இங்கே காலியாக வந்தால் என்ன ஆகும்?" "இல்லை. நேற்று நீயே வேறு மாதிரி எழுதினாய்." பிடித்த பிடியை விடமாட்டார்.

வாழ்க்கையில் அவளிடம் சரி சரி என்று சொன்னவர்களுக்குக் குறைவில்லை. கட்டியவன்கூட எதற்கெடுத்தாலும் சரி என்பான். ஒரு நாள் அதே சரியைச் சொல்லிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிப் போனான். அவள் செய்ததை ஒரு எழுத்து விடாமல் படித்து, யோசித்து, இல்லை என்று சொன்ன ஒரே மனிதர் சுத்தியல்தான். அந்த இல்லை வராமல் போய் ஆறு வாரம் ஆகியிருந்தது. ஏழு மின்னஞ்சல் அனுப்பிவிட்டாள். எதற்கும் மூச்சுக்காட்டவில்லை.

இந்த நேரம் பார்த்தா ஒரு ஆஸ்பத்திரி இன்ஜினியர் வந்து நிற்க வேண்டும்? அவர் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்கிறவர், இவர்களுடைய மென்பொருளை நம்பிக் காலம் தள்ளுகிறவர். தூரத்தில் இருக்கும் பெட்டியின் அமைப்பை மாற்றுகிறவர்களுக்கெல்லாம் ஒரு பயம் உண்டு. மாற்றுகிற கையோடு, தான் உள்ளே போகிற வழியையே அடைத்துவிட்டால்? திரும்பப் போய்த் திருத்த முடியாது. அதற்காக ஒரு பத்து நிமிட ஏற்பாடு இருக்கிறது. மாற்றத்தை அனுப்பும்போதே பெட்டியிடம் சொல்லிவிடுவார்கள்: பத்து நிமிடத்துக்குள் நான் திரும்பி வந்து எல்லாம் நலம் என்று சொல்லாவிட்டால், நான் செய்ததை மறந்துவிட்டுப் பழையபடிக்கே போய்விடு. எத்தனை நிமிடம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் பத்து என்று கொள்ள வேண்டும். ஆனால் இவர்களுடைய மென்பொருள், காலியாக விட்டால் இந்தப் பேச்சையே எடுக்காமல் இருந்துவிட்டது. ஆஸ்பத்திரி இன்ஜினியர் தன் வழியைத் தானே அடைத்துக்கொண்டு, பத்து நிமிடம், இருபது நிமிடம் என்று காத்திருந்துவிட்டு, இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டிப்போய்ப் பெட்டியை அணைத்துப் போட்டிருக்கிறார். அப்படிச் செய்தால் பெட்டி பழையபடிக்கே திரும்பிவிடும். "வர்ற திங்கக்கிழமை ஆபரேஷன் தியேட்டர் பக்கம் மாத்தணும். அதுக்குள்ள சரி பண்ணித் தருவீங்களா?" என்று எழுதியிருந்தார். பாவம், கோபமாகக்கூட எழுதவில்லை.

அவள் ஒரே மணி நேரத்தில் எட்டு வரியில் திருத்தம் எழுதிவிட்டாள். ஆனால் ஒப்புதல் யார் தருவது? பட்டியலில் சுத்தியலின் வரியை அழித்தால் பொறுப்பாளர் ஒருவர் மட்டும் என்றாகும். சட்டம் தானாகத் தளர்ந்துவிடும். அடுத்த நொடி திருத்தம் வெளியே போய்விடும். செய்ய வேண்டியது அவ்வளவுதான். ஆனால் அந்த வரியை அழிப்பது, அந்த மனிதர் இனி இல்லை என்று அவளே எழுதிக் கையெழுத்துப் போடுவது போலாகும். அதற்கு அவளுக்கு மனசு வரவில்லை.

இன்னும் ஒரு நூல் மிச்சம் இருந்தது. சோதனைக்காகச் சுத்தியல் தன் வீட்டில் ஒரு பழைய ஸ்விட்சைப் போட்டு, அதற்குள் போக அவளுக்கும் அனுமதி தந்திருந்தார். தினமும் பகல் பன்னிரண்டுக்கு மென்பொருள் அந்தப் பெட்டியைத் தட்டிப் பார்க்கும், பெட்டி பதில் சொல்லும், திரையில் பச்சைக் குறி விழும். நானூற்றுப் பன்னிரண்டு நாளாக அணையாமல் ஓடுவதாகப் பெட்டி சொன்னது. பெட்டி இருந்தால் வீடு இருக்கிறது, வீடு இருந்தால் ஆளும் இருக்கலாம். இந்த ஒரு சமாதானத்தை வைத்துக்கொண்டுதான் ஆறு வாரம் ஓட்டினாள்.

வியாழக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குத் தன் திருத்தத்தை அந்தப் பெட்டியில் நிஜமாகவே போட்டுப் பார்த்தாள். நிமிடக் கட்டத்தைக் காலியாக விட்டாள். வேண்டுமென்றே தன் வழியை அடைத்தாள். இணைப்பு அறுந்தது. பத்து நிமிடம் ஆனதும் பெட்டி பழையபடி திரும்ப வேண்டும். நாற்காலியில் சாய்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்தாள்.

பத்து ஆயிற்று, வரவில்லை. இருபது ஆயிற்று. ஒரு மணி நேரம் ஆயிற்று. திரையில் இரண்டு ஜன்னல்கள் திறந்திருந்தன, ஒன்றில் பழைய பதிப்பு, இன்னொன்றில் புதியது. அவசரத்தில் பழைய ஜன்னலில் ஓட்டித் தொலைத்துவிட்டோம் என்று தலையில் அடித்துக்கொண்டாள். கிறுக்கி, கண்ணை எங்கே வைத்திருந்தாய் என்று தன்னையே திட்டினாள். இருந்த ஒரே நூலையும் தன் கையாலேயே அறுத்தாயிற்று. இனி யாராவது நேரில் போய் அந்தப் பெட்டியை அணைத்துப் போட்டால்தான் உண்டு. யார் போவார்கள்? எந்த வீடு என்றே தெரியாதே.

சாப்பிடப் பிடிக்கவில்லை. துவைத்த துணியை மறுபடி எடுத்துத் துவைத்தாள். கடைக்குப் போய், எதற்கு வந்தோம் என்று மறந்து, ஒரு சோப்புக் கட்டியை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தாள். அழுகை வந்தது. முகம் தெரியாத ஒருவருக்காக நாற்பத்தேழு வயசில் சமையலறையில் நின்று அழுவது அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் அழுது தீர்த்தாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் பழக்கதோஷத்தில் பெட்டியைத் தட்டிப் பார்த்தாள். பதில் வந்தது.

கண்ணைக் கசக்கிக்கொண்டு இன்னொரு தடவை தட்டினாள். அதே பதில். எத்தனை நேரமாக ஓடுகிறாய் என்று கேட்டாள். பதினொரு மணி நேரம் என்றது பெட்டி. நானூற்றுப் பன்னிரண்டு நாள் போய் பதினொரு மணி நேரம். அப்படியென்றால் நேற்றுச் சாயங்காலம் ஏழு மணிக்கு யாரோ அதை அணைத்துப் போட்டிருக்கிறார்கள். அந்த வீட்டில் ஒரு கை இருக்கிறது.

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. எழுந்து இரண்டு தடவை கூடத்தைச் சுற்றி வந்தாள். பிறகு, கரண்ட் போய் வந்திருக்குமோ என்று ஒரு சந்தேகம் தட்டியது. அவர் பேட்டரி வைத்திருப்பதாக எப்போதோ எழுதிய ஞாபகம். ஆனால் பேட்டரியும் ஒரு நாள் சாகும் அல்லவா? நிச்சயமாகத் தெரிந்துகொள்ளாமல் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

அந்தப் பழைய பெட்டியின் முகத்தில் சின்னதாக ஒரு திரை உண்டு. பெட்டிக்கு வைத்த பெயர் அதில் தெரியும். பெயரை இங்கிருந்தே மாற்றலாம். தன் போன் எண்ணையே பெயராக அடித்து அனுப்பினாள். மென்பொருள் அதை அப்படியே திருப்பி அனுப்பியது: பெயர் எண்ணில் தொடங்கக் கூடாது. யார் போட்ட விதி? சாட்சாத் சுத்தியல்தான். அந்த ஒரு வரிக்காக மூன்று வாரம் அவளோடு மல்லுக்கு நின்றிருக்கிறார். "ஆள் இல்லாட்டாலும் அழிச்சாட்டியம் குறையல" என்று முணுமுணுத்தாள். முன்னால் ஒரு கே போட்டாள். குண்டூசி என்று ஆங்கிலத்தில் எழுதினால் தொடங்குவது அந்த எழுத்தில்தான். இந்தத் தடவை பெட்டி ஏற்றுக்கொண்டது.

வெள்ளி போயிற்று. சனி போயிற்று. போன் பக்கத்திலேயே சாப்பிட்டாள், போனைக் குளியலறைக்கும் கொண்டுபோனாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு முடிவுக்கு வந்தாள். இன்று சாயங்காலத்துக்குள் எதுவும் வராவிட்டால் அந்த வரியை அழித்துவிடுவது. நாளைக்குத் திங்கட்கிழமை, ஆஸ்பத்திரிக்காரர் பாவம். பத்து மணிக்குப் போன் அடித்தது. பாய்ந்து எடுத்தால் அக்கா. "என்னடி, முதல் மணியிலேயே எடுத்துட்ட? யார் போனுக்குக் காத்துட்டிருக்க?" என்று கிண்டல் வேறு.

பதினொன்றரைக்குத் தெரியாத எண் ஒன்று வந்தது.

"ஹலோ, யாருங்க பேசறது?" என்றது ஒரு பெண் குரல், வயதான குரல்.

"நீங்கதானே கூப்பிட்டீங்க, சொல்லுங்க."

"எங்க வீட்ல ஒரு பெட்டி இருக்கு. அதுல ரெண்டு நாளா இந்த நம்பர் தெரியுது. முன்னால கேன்னு ஒரு எழுத்து. எனக்கு ஒண்ணும் புரியல. இவர் கை அந்தப் பக்கமே போயிட்டிருக்கு. அதான் என்னதான்னு பாப்போமேன்னு போட்டேன்."

"நான் குண்டூசிங்க" என்றாள். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கேனத்தனமாகக் கேட்கும் என்று உறைத்தது.

"அந்தக் குண்டூசியா? சாப்பிடக் கூப்பிட்டா வராம உன்கூடத்தான் மல்லுக்கட்டிட்டு இருப்பாரா? நான் யாரோ ஆம்பளைன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்" என்றாள் சுத்தியலின் மனைவி.

பிறகு மனைவியே விவரம் சொன்னாள். ஆறு வாரத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்திருக்கிறது. வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. "எழுதட்டும்னு நோட்டு கொடுத்துப் பாத்தாங்க. வெறும் கிறுக்கல்தான் வந்துச்சு. புரியுதா புரியலையான்னு டாக்டருங்களே கைய விரிச்சிட்டாங்க. எதைக் கேட்டாலும் ஆமாம்னு தலையாட்டறார்ம்மா. பசிக்குதான்னு கேட்டா ஆமாம். பசிக்கலையான்னு கேட்டா அதுக்கும் ஆமாம். வர்றவங்கல்லாம் குழந்தைகிட்ட பேசற மாதிரி பேசிட்டுப் போறாங்க. நானும் அப்படித்தான் ஆயிட்டேன்."

"வியாழக்கிழமை பெட்டியை அணைச்சுப் போட்டது நீங்களாம்மா?"

"ஆமா. மத்தியானம் அதுல பச்சை போய்ச் சிவப்பு வந்துச்சு. எனக்கு அது ஆகவே ஆகாது, வருஷக்கணக்கா கொர்ருன்னு ஒரே சத்தம். ஒழிஞ்சுதுன்னு விட்டுட்டேன். சாயங்காலம் பாத்தா இவர் கண்ணு அதைவிட்டு நகரல. மனசு கேக்கல. டிவிக்குப் பண்ற மாதிரி அணைச்சுப் போட்டேன், சரியாப் போச்சு."

அவரை ஒரு நிமிடம் பார்க்கலாமா என்று குண்டூசி கேட்டாள். சுத்தியலின் மனைவி வீடியோவுக்கு மாற்றத் தெரியாமல் இரண்டு தடவை இணைப்பைத் துண்டித்தாள். மூன்றாவது தடவை முகம் வந்தது. அறுபத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான மனிதர், தலையணை வைத்துச் சாய்த்து உட்காரவைத்திருந்தார்கள். கன்னத்தில் சவரக்கத்தி கீறிய சின்னக் காயம். மனைவி இப்போதுதான் மழித்துவிடப் பழகுகிறாள் போலிருக்கிறது. வாய் ஒரு பக்கம் தொங்கியிருந்தது. பதினோரு வருடம் தன்னைப் பாடாய்ப் படுத்திய மனிதரா இது என்று பார்த்தாள்.

"சார், நான்தான்" என்றாள்.

தலையாட்டினார்.

"நல்லா இருக்கீங்களா?" என்று ஒரு கேள்வி கேட்டாள், கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதற்கும் தலையாட்டினார்.

அப்போது அவள் மனசுக்குள் ஒரு கள்ள யோசனை ஓடியது. இந்த மனிதர் எதைக் காட்டினாலும் தலையாட்டத்தான் போகிறார். தன் எட்டு வரியைக் காட்டினால் அதற்கும் ஆட்டுவார். ‘சுத்தியல் நேரில் ஒப்பினார்’ என்று குறித்துவிட்டால் சட்டம் நிற்கும், அவர் வரியும் பட்டியலில் நிற்கும், ஆஸ்பத்திரிக்கும் வழி பிறக்கும். யார் வந்து கேட்கப்போகிறார்கள்? அந்தத் தலையாட்டலுக்கு ஒரு மதிப்பும் இல்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் செய்தாள். ஒரு வரியை அழிக்காமல் இருப்பதற்காக இதைக்கூடச் செய்யலாம் என்று தோன்றிவிட்டது.

"அம்மா, அவர்கிட்ட ஒண்ணு காட்டணும். போனை முகத்துக்கு நேரா பிடிச்சுக்கறீங்களா?"

"காட்டு. பாரேன், உடனே ஆமாம்பார்" என்றாள் மனைவி.

எட்டு வரிகளையும் திரை நிறையும்படி பெரிதாக்கிக் காட்டினாள். மூலையில் ஒரு தீப்பெட்டி அளவுக்கு அவருடைய முகம் தெரிந்தது. "நிமிஷம் கொடுக்காம விட்டா பத்துன்னு எடுத்துக்க எழுதியிருக்கேன் சார். பாத்துச் சொல்லுங்க" என்றாள். முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது, இருந்தும் பார்த்தாள். அவருடைய கண்கள் நகர்ந்தன. இடமிருந்து வலம், பிறகு ஒரு வரி கீழே, மறுபடி இடமிருந்து வலம். ஐந்தாவது வரியில் நின்றன. அங்கேயே நின்றன.

"சரியா இருக்கா சார்?"

தலை அசைந்தது. ஆனால் மேலும் கீழுமாக இல்லை. மெதுவாக இடது பக்கம் போனது, அங்கிருந்து சிரமப்பட்டு வலது பக்கம் வந்தது. இன்னொரு தடவை இடது, இன்னொரு தடவை வலது.

"என்னம்மா பண்றார் இவர்?" என்றாள் மனைவி.

"இல்லைங்கறார்."

"ஆறு வாரமா ஒரு தடவைகூட இவர் இல்லைன்னு தலையாட்டினதில்லம்மா. ஒரு தடவைகூட."

அவருடைய இடது கை எழுந்து வந்தது. மூலையில் முகம் மறைந்து விரல்கள் தெரிந்தன. "ஒரு நம்பர் மேல விரலை வைக்கிறார். அறுபதுன்னு போட்டிருக்கு" என்றாள் மனைவி.

அவள் அந்த வரியைப் பார்த்தாள். நிமிடத்தை விநாடியாக்க அறுபதால் பெருக்கியிருந்தாள். அதில் என்ன தப்பு? சுத்தியல் எழுதிய பழைய மாடலைத் திறந்து, அந்த இடத்தைத் தேடிப் படித்தாள். அலகு விநாடி, எதுவும் கொடுக்காவிட்டால் அறுநூறு. அந்த அறுநூறு ஏற்கெனவே விநாடியில்தான் இருக்கிறது. அதைப் போய் மறுபடியும் அறுபதால் பெருக்கினால் பத்து நிமிடம் பத்து மணி நேரமாகிவிடும். வியாழக்கிழமை அவள் பழைய ஜன்னலில் ஓட்டவே இல்லை. புதியதைத்தான் ஓட்டியிருக்கிறாள், புதியதுதான் தப்பு. பெட்டி பத்து மணி நேரம் கழித்துத் தானாகவே திரும்பியிருக்கும். சாயங்காலமே ஒரு கை அதை அணைத்துப் போட்டதால் அந்தத் தப்பு மறைந்துபோயிற்று. வரியை அழித்திருந்தால் இது நாளைக்கு ஆபரேஷன் தியேட்டர் பக்கம் போயிருக்கும்.

"ஆமா சார். அது விநாடி. நான் ரெண்டு தடவை பெருக்கிட்டேன். மன்னிச்சிடுங்க" என்றாள். எதற்கெல்லாம் சேர்த்து மன்னிப்புக் கேட்டாள் என்று அவருக்குத் தெரியாது.

"அப்ப இவருக்குப் புரியுதா?" மனைவியின் குரல் மிகவும் சின்னதாக வந்தது.

"அம்மா, நான் நாள்கணக்கா வச்சுப் பாத்தும் என் கண்ணுல படாததை அவர் ஒரு நிமிஷத்துல பிடிச்சிட்டார். நல்லாப் புரியுதும்மா. எல்லாமே புரியுது."

மனைவி போனைப் படுக்கைமேல் போட்டுவிட்டாள் போலிருக்கிறது. திரையில் கூரையும் ஓடாத மின்விசிறியும் தெரிந்தன. குரல் மட்டும் கேட்டது. "ஐயோ, இவர் முன்னாடியே நான் என்னென்னவோ பேசிட்டேனே. போன்ல எல்லார்கிட்டயும் இனிமே இவர் அவ்வளவுதான்னு சொன்னேனே. எல்லாத்தையும் கேட்டுட்டுத்தானே படுத்திருந்திருக்கார்." அதற்குப் பிறகு அழுகைச் சத்தம். அவள் இந்தப் பக்கம் கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆறு வாரம் ஆள் இல்லை, ஆள் இல்லை என்று அவள் தவித்தாள். அந்த மனிதரோ பெட்டியின் பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டு, தன்னைப் பற்றி எல்லோரும் பேசுவதையும் கேட்டுக்கொண்டு, இல்லை என்று சொல்ல ஒரு சந்தர்ப்பத்துக்குக் காத்துக்கிடந்திருக்கிறார். தன் தனிமையை அவள் பெரிய தனிமை என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

திருத்தத்தைத் திருத்த நாலு நிமிடம்கூட ஆகவில்லை. மனைவி முகம் கழுவிவிட்டு வந்து போனை எடுத்தாள். மறுபடி எட்டு வரி. மறுபடி கண்கள் ஒவ்வொரு வரியாக இறங்கின. ஐந்தாவது வரியில் இரண்டு தடவை போய்வந்தன. கடைசி வரிக்கு வந்ததும் அவர் மேலும் கீழுமாக ஒரே ஒரு தடவை தலையாட்டினார்.

பட்டியலைத் தொடாமல் அவள் ஒப்புதல் இடத்தில் எழுதினாள்: ‘சுத்தியல் ஒப்பினார். முதல் தடவை மறுத்தார்.’ திருத்தம் வெளியே போயிற்று. ஆஸ்பத்திரி இன்ஜினியருக்கு ஒரு வரி எழுதிப்போட்டாள். பிறகு, "அப்ப வச்சிடட்டுமாம்மா?" என்றாள்.

"இரு இரு. நீ சாப்பிட்டியா?"

"இனிமேதான்" என்றாள்.

மனைவி அவருக்குக் கேட்காதபடி அறைக்கு வெளியே வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள். "நாளைக்கும் இந்த மாதிரி ஏதாவது கொண்டுவந்து காட்டுவியாம்மா? தப்பா இருக்கறதாப் பாத்துக் கொண்டு வா."

"தப்புக்கு என்கிட்ட பஞ்சமே இல்லம்மா" என்றாள் குண்டூசி.